நாலாவது எல்லை

முப்பிடாதியின் வீடு குளத்தைத் தாண்டிப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. அப்போது அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது, முற்றத்துக் கொடியில் இரண்டு சேலைகள் காய்ந்துகொண்டிருந்தன, தெருவில் நின்று கோர்ட்டு அமீனா ஆவுடையம்மாள் ஏல அறிவிப்பை உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டை முப்பிடாதியின் புருஷன் சங்கரவேலு, லோடு ஆட்டோ வாங்குவதற்காக அரிசி ஆலை அரிராமரிடம் அடமானம் வைத்திருந்தான். ஆட்டோ ஒரு வருஷம் ஓடியது. சங்கரவேலு அதற்கும் குறைவாகவே ஓடினான்; காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனான், காய்ச்சலும் திரும்பி வரவில்லை, அவனும் வரவில்லை. அரிராமர் கெட்டவர் இல்லை. இரண்டு வருஷம் பொறுத்தார், வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார், பிறகுதான் வழக்குப் போட்டார். கோர்ட்டும் அவசரப்படவில்லை. முதல் தீர்ப்பில் ஆறு மாதம் தவணை கொடுத்து, பணத்தைக் கட்டி வீட்டை மீட்டுக்கொள் என்றது; முப்பிடாதி பீடி சுற்றிச் சுற்றி விரல் தேய்ந்ததுதான் மிச்சம்; பிறகு இறுதித் தீர்ப்பு வந்தது, அதன் பிறகு ஏல உத்தரவு வந்தது. சட்டம் ஒரு வீட்டுக்குள் திருடனைப் போல நுழைவதில்லை, ஒவ்வொரு படியிலும் நின்று, தொண்டையைச் செருமி, கதவைத் தட்டி, தான் வந்திருப்பதைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த படியில் கால் வைக்கும். அப்படி அது வைக்க வேண்டிய கடைசிக் கால் ஆவுடையம்மாளுடையதாக இருந்தது. ஏலத்துக்கு முன்னால் அவள் அந்த இடத்துக்குப் போக வேண்டும், நான்கு எல்லைகளையும் சரிபார்க்க வேண்டும், தமுக்கு அடிக்கச் சொல்லி அறிவிப்பை வாசிக்க வேண்டும், சுவரில் ஒட்ட வேண்டும், கண்டதைக் கண்டபடி எழுதிக் கோர்ட்டில் கொடுக்க வேண்டும்.

ஆவுடையம்மாளுக்கு இருபத்தாறு வயது. அவள் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் அவள்தான். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, நிரந்தரம் ஆக இன்னும் ஒன்றே முக்கால் வருஷம் இருந்தது. ஒரு தாளை மூன்று முறை படித்த பிறகும், நாலாவது முறை படித்திருந்தால் கண்ணில் பட்டிருக்கக்கூடிய பிழை ஒன்று அதற்குள் ஒளிந்திருக்கிறது என்று பயப்படுகிறவள் அவள். அன்றைக்கும் மூன்று முறை படித்திருந்தாள். பிழை இருக்கத்தான் செய்தது.

அந்தப் பிழையைச் செய்தவர் பத்திரம் எழுதியவர். நம் பக்கத்தில் சொத்துக்கு எல்லை எழுதுவதற்கு ஒரு முறை உண்டு. வீட்டுக்காரன் தன் வாசலில் நிற்பதாக நினைத்துக்கொண்டு, மேற்கே குளம் என்பான். எழுதுகிறவர் குளத்தங்கரையில் போய் நின்றுகொண்டு, குளத்துக்குக் கிழக்கு என்று எழுதுவார். சங்கரவேலு பத்திரம் எழுதப் போனது ஆவணி மாதத்துக் கடைசி முகூர்த்த நாள். எழுத்தர் முன்னால் முப்பது பத்திரம் கிடந்தது. அவர் குளத்தங்கரைக்குப் போகாமலே குளத்துக்கு மேற்கு என்று எழுதினார், கிழக்கே தெரு என்றதைத் தெருவுக்குக் கிழக்கு என்று எழுதினார், வடக்கே இருந்த பனைகளையும் தெற்கே இருந்த வாய்க்காலையும் அப்படியே திருப்பிப் போட்டார். ஆலை அதிபர், சார்பதிவாளர், இரண்டு வக்கீல்கள், ஒரு நீதிபதி என்று எத்தனையோ கைகள் வழியாக அந்தப் பத்திரம் போயும் யாரும் கவனிக்கவில்லை. பத்திரத்தைப் படித்தவர்கள் வீட்டைப் பார்க்கவில்லை, வீட்டைப் பார்த்தவர்கள் பத்திரத்தைப் படிக்கவில்லை.

வீடு மட்டும் கேட்டது. தமுக்குக்காரர் மாசானம் மூன்று முறை அடித்து நிறுத்தியதும், ஆவுடையம்மாள் வாசித்தாள்: "குளத்துக்கு மேற்கு, தெருவுக்குக் கிழக்கு, பனைகளுக்கு வடக்கு, வாய்க்காலுக்குத் தெற்கு, இதற்குட்பட்ட ஓட்டு வீடு ஒன்று." வாசித்து முடித்ததும் வீடு, இடுப்பு வலிக்காரர் பாயிலிருந்து எழுவதுபோல முதலில் ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு மறு பக்கம் சாய்ந்து, மெல்ல எழுந்தது. எழுந்து, கொடியும் சேலையும் கோழிகளுமாக, தாமரை இலைகள் காற்றில் மடங்க மடங்கக் குளத்தின் மேலே தணிவாகப் போய், மேற்குக் கரையில் இருந்த வேறு பனைகளுக்கு வடக்கே, வேறொரு வாய்க்காலுக்குத் தெற்கே, ஆடு மேய்கிற புறம்போக்கில் நின்றது.

முப்பிடாதி கையில் அகப்பையோடு வாசலுக்கு வந்து, தண்ணீருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள். "எம்மா, அந்தத் தாளை ஒட்டணும்னா இங்கதான் வரணும்! கரையைச் சுத்தி வா!"

"இன்னொரு தடவை அடிக்கணுமா?" என்றார் மாசானம். "அங்க அடிச்சா தனிக் கூலி உண்டுமான்னு கேட்டுச் சொல்லும்மா."

கரையைச் சுற்றிப் போய்ப் பார்த்தபோதுதான் ஆவுடையம்மாளுக்கு இன்னொன்று தெரிந்தது. வீடு தரையில் உட்காரவில்லை, நாலு விரல் உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. அவள் பத்திரத்தை எடுத்து எல்லைகளைப் பார்த்தாள். கிழக்கே குளம் இருந்தது, வடக்கே வாய்க்கால் இருந்தது, தெற்கே பனைகள் இருந்தன. மேற்கே இருக்க வேண்டிய தெரு இல்லை. கண்ணுக்கு எட்டிய வரை கோரையும் ஆவாரையுமாகக் கிடந்தது. மூன்று எல்லை சரி, நாலாவது இல்லை, அதனால்தான் இறங்கவில்லை என்று அவள் எழுதினாள், எழுதியதை நாலு முறை படித்தாள்.

நீதிபதி ஒரு முறைதான் படித்தார். "நாலு விரல் என்று எழுதியிருக்கிறீர்கள். யாருடைய விரல்?"

"என்னுடையதுங்க ஐயா."

"அதையும் எழுதுங்கள்" என்றார். பிறகு உத்தரவைச் சொன்னார். நான்கு எல்லையும் பொருந்தினால்தான் சொத்து அடையாளம் காணப்பட்டதாகும். அடையாளம் காணப்படாத சொத்தை விற்க முடியாது. அமீனா மூன்று மாதத்துக்கு ஒரு முறை போய்ப் பார்த்து அறிக்கை தர வேண்டும்.

ஊர் இதற்குப் பழகிக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. மின்வாரியத்து ஆள் வந்து, கம்பியை நீட்டுவதற்கு மனு எழுதிக் கொடு என்று மட்டும் கேட்டார். தபால்காரர் இரண்டு நாள் முணுமுணுத்தார், மூன்றாம் நாள் அவரே கரையைச் சுற்றி வந்து, வாசல் உயர்ந்துவிட்டதால் ஏறிக்கொள்ள ஒரு கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார். கோழிகள் இறங்கவும் ஏறவும் கற்றுக்கொண்டன. வீட்டுக்கு அடியில் வெயில் நேரத்தில் நல்ல குளிர்ச்சி இருக்கிறது என்று ஆடுகள் முகத்தை மட்டும் உள்ளே நீட்டிப் படுத்தன. கிழக்குக் கரையில் வீடு இருந்த இடம் பல் பிடுங்கின இடம்போல் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் அங்கே விறகுகூட அடுக்கவில்லை. முப்பிடாதியோடு உட்கார்ந்து பீடி சுற்றுகிற பெண்கள் எட்டுப் பேர், முறத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, குளத்தைச் சுற்றி, ஆவாரைச் செடிகளின் ஊடே தினமும் நடந்து வந்தார்கள்.

ஒருநாள் வீட்டுக்கு அடியில் பெருக்கிக்கொண்டிருந்த முப்பிடாதிக்கு விளக்குமாறு மேலே இடித்தது. விரலை வைத்துப் பார்த்தாள். மூன்றரை விரல்தான் இருந்தது. மேற்கே திரும்பிப் பார்த்தாள். எட்டுப் பேரும் ஒரே வழியில் நடந்து நடந்து, ஆவாரைக்கு நடுவே வெள்ளையாக ஒரு கோடு விழுந்திருந்தது.

இதற்காக யாரும் கூட்டம் போடவில்லை, யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒருவர் மிதித்த இடத்தை மற்றவர் மிதிக்கவில்லை. பால்காரி பனைகளின் பக்கமாக வந்தாள், தபால்காரர் வாய்க்கால் ஓரமாக வந்தார், பீடிப் பெண்கள் எட்டுப் பேரும் எட்டு வழியில் வந்தார்கள், அந்த எட்டு வழியையும் நாளைக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டார்கள். சும்மா பார்க்க வந்தவர்களும், வெற்றிலை போட வந்தவர்களும், கைக்குழந்தையைக் காட்ட வந்தவர்களும், சண்டை பிடிக்க வந்தவர்களும்கூடக் குனிந்து புல்லைப் பார்த்துப் பார்த்துத்தான் வந்தார்கள். ஊரே வந்து போயும் அங்கே வழி என்று ஒன்று உண்டாகவில்லை. ஆவுடையம்மாள் அடுத்த முறை வந்து விரல் வைத்தபோது மறுபடியும் நாலு விரல் இருந்தது.

அரிராமரின் வக்கீல், பத்திரத்தைத் திருத்தத் தனி வழக்குப் போட வேண்டும், மூன்று வருஷமாவது ஆகும் என்றார். "காகிதத்தைத் திருத்த மூணு வருஷம். தரையைத் திருத்த மூணு மாசம் போதும்லா" என்று சொல்லிவிட்டு, அரிராமர் ஆலையில் வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டு அங்கே நடக்கச் சொன்னார். அவர்களுடைய பெண்டாட்டிமார் முப்பிடாதியோடு பீடி சுற்றுகிறவர்கள். ஒருவனுக்குக் கால் சுளுக்கியிருந்தது, ஒருவனுக்கு விரதம், ஒருவன், "முதலாளி, மூட்டை தூக்கச் சொல்லுங்க, தூக்குதேன். நடக்க மட்டும் சொல்லாதீய" என்று நேராகவே சொல்லிவிட்டான்.

ஆகவே அரிராமரே நடந்தார். அறுபத்து மூன்று வயது, சர்க்கரை வேறு; டாக்டர் நடக்கச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். காலையில் ஆலை திறப்பதற்கு முன்னால் வந்து, ஆவாரைக்கு நடுவே ஒரே கோட்டில் வீடு வரைக்கும் போவதும் திரும்புவதுமாக நாலு நடை. முதல் நாள் வீட்டு முன்னால் வந்து நின்றவர் நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ வருஷமாக அவருடைய இரும்புப் பெட்டியில் இருந்த வீட்டை அவர் அன்றைக்குத்தான் முதல் முதலாகப் பார்த்தார்.

"வெயிலோட வந்திருக்கீய அண்ணாச்சி. மோர் தரட்டா?" என்றாள் முப்பிடாதி.

"நான் பாதை போடுததுக்குல்லா வந்திருக்கேன்."

"போடுங்க. குடிச்சிட்டுப் போடுங்க."

அவர் கல்லில் உட்கார்ந்து குடித்தார். "உன் மேல எனக்குக் கோவம் இல்ல, கேட்டியா. குடுத்த துட்டு. அதான்."

"நான் இல்லன்னா சொன்னேன்? சனிக்கிழமை கூலி வாங்கினதும் கொஞ்சம் கொஞ்சமாத் தாரேன்னுதான் நானும் ரெண்டு வருசமாச் சொல்லுதேன். நீங்க வாங்க மாட்டேங்கீய."

"வக்கீல் வாங்கக் கூடாதுங்காரு. வாங்கினா கேசு ஆட்டம் கண்டுருமாம்."

"அப்போ மோர் குடிக்கலாமாமா?"

"அதை அவர்கிட்டக் கேக்கலை" என்றார் அரிராமர்.

இப்படி ஒரு மாதம், இரண்டு மாதம் அவர் நடந்தார், மழையில் நடந்தார், கார்த்திகைப் பனியில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நடந்தார், ஆலையில் நெல் வந்து இறங்குகிற நாளிலும் நடந்தார். வீடு மூன்று விரலுக்கு வந்தது, இரண்டு விரலுக்கு வந்தது, ஒரு விரலுக்கு வந்து அப்படியே நின்றுவிட்டது. அதற்கு மேல் அவர் எட்டு நடை நடந்து பார்த்தும் இறங்கவில்லை. கடைசியில் மாசானத்தைக் கூப்பிட்டுக் கேட்டார். ஊரில் எந்தத் தெரு எப்போது உண்டானது என்று தெரிந்தவர் அவர்தான், எல்லாத் தெருவிலும் தமுக்கு அடித்தவர்.

"இதுல என்ன இருக்கு அண்ணாச்சி. ஒருத்தர் நடந்தா தடம். ரெண்டாவது ஆளு நடந்தாத்தான் தெரு."

அரிராமர் யோசித்தார். அமீனா வருகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சட்டப்படி அவள் அந்த வீட்டுக்குப் போயே ஆக வேண்டும். அவர் வெளியூரிலிருந்து ஆள் பிடித்து, வண்டி வண்டியாகச் சீமைக்கருவேல முள்ளைக் கொண்டுவந்து, வாய்க்காலிலிருந்து பனைகளைத் தாண்டிக் குளத்துத் தண்ணீர் வரைக்கும் ஆள் உயரத்துக்கு அடைத்தார். தன்னுடைய தடத்தை மட்டும் திறந்து விட்டார். மறுநாள் முப்பிடாதிக்குப் பால் வரவில்லை, தபால் வரவில்லை, முறத்தின் முன்னால் அவள் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

ஆவுடையம்மாள் மாசானத்தோடு வந்து முள்வேலியின் முன்னால் நின்றாள்.

"நமக்குன்னு ராஜபாட்டை போட்டு வச்சிருக்காரு பாத்தியளா" என்று மாசானம் சிரித்தார். பிறகு தடத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "எம்மா, இதுல நீங்க நடந்தா..."

"தெரியும் அண்ணே."

அவள் தடத்தின் வாயில் வெகுநேரம் நின்றாள். வீட்டுக்குப் போகாமல் திரும்பினால் கடமை தவறியவள் ஆவாள். நிரந்தரம் ஆகாத வேலை, அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிற வேலை. இதில் நடந்து போனாலோ வீடு இறங்கிவிடும், முப்பிடாதி தெருவில் நிற்பாள். முப்பிடாதிக்காக இரக்கப்படுவது தன் வேலை இல்லை என்று அவளுக்குத் தெரியும். அரிராமருக்கு வர வேண்டிய பணமும் பொய் இல்லை. இரண்டு பேரையும் தள்ளி வைத்துவிட்டு யோசித்தாள். எல்லாவற்றையும் தள்ளிய பிறகும் ஒன்று மட்டும் தள்ள முடியாமல் நின்றது: மேற்கே தெரு இருக்கிறதா இல்லையா என்று பார்த்து எழுதத்தான் அவளை அனுப்பியிருக்கிறார்கள், அந்தத் தெருவைத் தன் காலாலேயே உண்டாக்கிவிட்டு, பிறகு குனிந்து பார்த்து, இருக்கிறது என்று எழுதினால் அதற்குப் பெயர் என்ன?

அவள் திரும்பி நடந்தாள். குளத்தைச் சுற்றிக் கிழக்குக் கரைக்கு வந்து, செருப்பைக் கழற்றி வைத்து, ஃபைலைப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகினாள்.

"எனக்கு நீச்சல் தெரியாதும்மா" என்றார் மாசானம்.

"எனக்கும் தெரியாது அண்ணே. கழுத்துக்கு மேல போச்சுன்னா திரும்பிருவோம்."

தண்ணீர் இடுப்புக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது. தாமரைக் கொடிகள் காலைப் பிடித்தன. கிழக்குக் கரையில் சனம் கூடிவிட்டது. தமுக்கைத் தலையில் சுமந்துகொண்டு பின்னால் வந்த மாசானம் தனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார், தெரிந்த சாமிகள் தீர்ந்து போனபோது தரை மேலேறியது.

அரிராமர் கல்லில் உட்கார்ந்திருந்தார், கையில் மோர்ச் செம்பு. "ஏன் தாயி, எவ்வளவு செலவழிச்சு வழி போட்டு வச்சிருக்கேன். அதுல வரப்பிடாதா?"

"அதுல நான் வந்தா அது தெரு ஆயிரும் அண்ணாச்சி."

"ஆகட்டுமே. அதுக்குத்தான போட்டேன்."

"நீங்க போட்டதை நான் எழுதுவேன். நான் போட்டதை நானே எப்படி எழுத?"

அவள் ஈரம் சொட்டச் சொட்ட நின்று அறிவிப்பை வாசித்தாள். தமுக்கின் தோல் நனைந்திருந்ததால் சத்தம் ஈனமாக வந்தது. நாலாவது எல்லையைச் சொன்னபோது வீடு ஒரு முறை நடுங்கியது, ஓடுகள் கலகலத்தன, ஆனால் இறங்கவில்லை. ஆவுடையம்மாள் குனிந்து, சுவருக்கு அடியில் விரலை நீட்டினாள். ஒரு விரல் தாராளமாகப் போனது. தாளைச் சுவரில் ஒட்டினாள். முப்பிடாதி காய்ந்த துண்டு ஒன்றைக் கொண்டுவந்து அவள் தோளில் போட்டாள். அதை வாங்கிக்கொள்ளலாமா கூடாதா என்று ஆவுடையம்மாளுக்குத் தெரியவில்லை. வாங்கிக்கொண்டாள். அதையும் அறிக்கையில் எழுதினாள்.

கோர்ட்டில் நீதிபதி இந்த முறை இரண்டு தடவை படித்தார். மேற்கே தெரு இல்லை, கடன் கொடுத்தவர் ஒருவர் மட்டும் நடந்த தடம் ஒன்று இருக்கிறது, வீடு தரையிலிருந்து ஒரு விரல் உயரத்தில் நிற்கிறது, விரல் என்னுடையது, துண்டு முப்பிடாதியுடையது, திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"வழி இருக்கும்போது தண்ணீரில் ஏன் இறங்கினீர்கள்?"

"நான் நடந்தால் தெரு ஆகியிருக்கும் ஐயா. நான் போவதற்கு முன்னால் அங்கே தெரு இல்லை."

வக்கீல் எழுந்து, அமீனா பிரதிவாதிக்குச் சாதகமாக நடந்துகொண்டிருக்கிறார் என்றார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கூண்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த அரிராமரைப் பார்த்தார்.

"அந்தத் தடத்தில் தினமும் எதற்காகப் போகிறீர்கள்?"

"பாதை போடத்தான் ஐயா."

"போய்?"

அரிராமர் வக்கீலைப் பார்த்தார், பிறகு தன் கால்களைப் பார்த்தார். "போய் மோர் குடிப்பேன் ஐயா" என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. அதை அப்படியே பதிவு செய்யச் சொன்னார். ஒருவர் மோர் குடிக்கப் போகிற வழி தெரு ஆகாது, சொத்து அடையாளம் காணப்படவில்லை, மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும்.

அந்த வாரம் சனிக்கிழமை கோர்ட்டு விடுமுறை. திங்கட்கிழமை காலை, ஆவுடையம்மாள் ஆபீஸில் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அரிராமர் வந்து நின்றார், வக்கீல் இல்லாமல். சட்டை நெஞ்சு வரைக்கும் நனைந்திருந்தது, வேட்டி காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது, அதில் ஒரு தாமரைத் தண்டு சிக்கியிருந்தது. தலையில் கட்டியிருந்த துண்டின் முடிச்சிலிருந்து மடித்த இரண்டு நோட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். அவை மட்டும் நனையவில்லை.

"சனிக்கிழமை வாங்கின கூலியில முப்பிடாதி இன்னிக்குக் காலைல குடுத்தா. வாங்கினேன். வாங்கினா கோர்ட்டுல சொல்லணுமாமே, எங்க எழுதணும்?"

அவள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்து, மேலே வழக்கு எண்ணை எழுதிக் கொடுத்தாள். முதல் தவணை என்று எழுதச் சொன்னாள். அவர் எழுதினார். எழுத்தில் தண்ணீர் சொட்டாமல் இருக்க ஒரு கையால் ஈரச் சட்டைக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் அண்ணாச்சி தண்ணிக்குள்ள போனீங்க? முள்ளு இன்னும் கிடக்கா?"

"முள்ளெல்லாம் நேத்தே எடுத்தாச்சு."

"அப்புறம்? உங்க தடம் இருக்குல்லா?"

அரிராமர் கையெழுத்தைப் போட்டு, பேனாவை மூடி அவளிடம் கொடுத்தார்.

"இருக்கு" என்றார். "அதுல புல்லு முளைக்கட்டும்னு விட்டுட்டேன்."